ஒரே அணியில் நான்கு உலகத்து நைட்டுகள்

என் மேசையில் இப்போது நிற்கும் குதிரைப்படையில் பன்னிரண்டு நைட்டுகள் இருக்கிறார்கள். வரிசைக்கு நால்வராக மூன்று வரிசை. எல்லோரும் 28 மில்லிமீட்டர் அளவில் வார்க்கப்பட்டவர்கள். ஐவர் நாட்டிங்ஹாம் பெரி மினியேச்சர்ஸ் செய்த 15-ஆம் நூற்றாண்டு வீரர்கள். அவர்களுடைய முழங்கால் கவசத்தின் மூட்டு வரைக்கும் வரலாற்றுச் சான்று உண்டு. மூவர் இத்தாலியின் ஃபயர்ஃபோர்ஜ் வெளியிட்ட டியூட்டானிக் நைட்டுகள். 13-ஆம் நூற்றாண்டின் வாளித் தலைக்கவசம் அணிந்தவர்கள். மூவர் சிடடெல் கம்பெனியின் பிரெட்டோனியர்கள், அதாவது உலக வரைபடத்தில் இல்லாத நாட்டின் வீரர்கள். மீதி ஒருவர் பழைய பொருள் விற்கும் பெட்டியிலிருந்து வந்த ஈய உருவம். தலைக்கவசத்தின் உச்சியில் டிராகன் சிறகு விரித்திருக்கும் அவர்தான் படையின் கொடியைப் பிடித்திருக்கிறார்.

இன்று இப்படியொரு படையோடு எந்தப் போர் விளையாட்டுக் கழகத்துக்குப் போனாலும், அருகில் வந்து குனிந்து பார்ப்பார்கள். எந்தத் தலை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். நான் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்த 1990-களில் இதே படைக்கு உட்கார இடமே கிடைத்திருக்காது. வரலாற்று மேசைக்குப் போனால் டிராகனைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். மாயக்கதை மேசைக்குப் போனால் வேறு கம்பெனியின் உருவங்களைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். இந்த இரண்டு மேசைகளும் எப்படிப் பிரிந்தன, எப்படி மறுபடி ஒன்றாயின என்பதை நான் பார்த்தவரையில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டையும் கலப்பதை ஒரு சலுகை போலப் பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். என் எண்ணம் வேறு. நைட் என்ற மனிதனே வரலாறும் கற்பனையும் கலந்து பிறந்தவன். அவனைச் சரியாகச் செய்யவேண்டுமென்றால் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

1996-இல் வார்ஹேமர் என்ற மாயக்கதைப் போர் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தது. பெட்டியைத் திறந்தால் ஒருபக்கம் பல்லி மனிதர்கள், மறுபக்கம் பிரெட்டோனிய நைட்டுகள். ஆர்தர் அரசனின் வட்டமேசைக் கதைகளையும் நூறாண்டுப் போர்க்காலத்துப் பிரான்சையும் சேர்த்து உருவாக்கிய நாடு அது. அங்கே ஏரியிலிருந்து ஒரு தேவி எழுந்து வீரர்களுக்கு அருள்புரிவாள். அந்தப் பிளாஸ்டிக் குதிரைகளின் மேல் குளம்புவரை தொங்கும் போர்வைத் துணியின் மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு உண்டான பரவசம் இன்றைக்கும் குறையவில்லை. பள்ளிக்கூடப் பையனாகக் கிழக்கு லண்டனில் ஒரு சிறிய மாடிவீட்டில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் சரித்திர ஆசிரியராக இருந்த அப்பா, லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை பார்த்தார்.

வேலை முடிந்து வந்தவர் மேசையில் கிடந்த நைட்டைக் கையில் எடுத்தார்.

"இது எந்த நாட்டுப் படை, தம்பி?"

"பிரெட்டோனியா, அப்பா."

"அப்பிடி ஒரு நாடு உலகப் படத்தில இல்லையே."

"கதையில வாற நாடு, அப்பா."

"கதையெண்டாலும் அதுக்கொரு வேர் இருக்குமெல்லோ. ஞாயிற்றுக்கிழமை வா, போய்ப் பாப்பம்."

அவர் கூட்டிக்கொண்டு போனது வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்துக்கு. நுழைவுக் கட்டணம் இல்லாத இடம். ஆயுதக் கூடத்தில், 1480-ஐ ஒட்டிய காலத்தில் தெற்கு ஜெர்மனியில் செய்த கவசம் பூண்டு, கவசம் பூண்ட குதிரைமேல் ஒரு வீரன் உட்கார்ந்திருந்தான். விசிறிபோல விரியும் வரிகள் இரும்பில் ஓடின. தகடுகளின் ஓரங்கள் வெறும் நேர்கோடாக முடியாமல் பூவிதழ்களைப் போலக் கூர்ந்து முடிந்தன. குதிரையின் நெற்றிக்கும் கழுத்துக்கும் மார்புக்கும் தனித்தனித் தகடுகள். அப்பா நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "செய்தவன் சண்டைக்கு மட்டும் செய்யேல்லை, பாக்கிறவன் கதையில வாற ஆளைக் கண்டமாதிரி நிக்கவேணும் எண்டும் செய்திருக்கிறான்" என்றார். கதையும் வரலாறும் ஒரே இரும்பில் இருப்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

ஆனால் அந்தக் காலத்துப் போர் விளையாட்டு உலகம் அப்படி நினைக்கவில்லை. வரலாற்றுப் பக்கத்தார் படைப் பட்டியல் வைத்துக்கொண்டு ஆடினார்கள். பில் பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய விதிகள் அப்போது பெரிதும் புழங்கின: 1990-இல் டிபிஏ, 1993-இல் டிபிஎம். எந்த ஆண்டில் எந்த அரசனுக்கு எத்தனை நைட்டுகள், எத்தனை வில்லாளர்கள் என்பதெல்லாம் பட்டியலில் இருக்கும். ஆஸ்ப்ரே வெளியிட்ட மெல்லிய படைநூல்களில் வண்ணப்படம் பார்த்து, கேடயத்தின் நிறம் முதல் செருப்பின் வார் வரை ஒப்பிட்டுத் தீட்டுவார்கள். அந்தக் கவனத்தின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. என் கண்ணைப் பழக்கியது அதுதான். ஒரு கழகத்தில் என் பிரெட்டோனிய நைட்டுகளை 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படையாக வைத்து ஆடலாமா என்று கேட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் தலைக்கவசத்தின் மேலிருந்த அன்னத்தைச் சுட்டிக்காட்டி, "மாயக்கதை உருவங்களுக்கு இந்த மேசையில் இடமில்லை" என்றார். குரலை உயர்த்தாமல், விதியைச் சொல்லும் தோரணையில் சொன்னார்.

மாயக்கதைப் பக்கத்தின் சுவர் வேறு மாதிரியானது. விதிநூலை எழுதுவதும் உருவத்தை வார்ப்பதும் கடை நடத்துவதும் ஒரே கம்பெனியாக இருக்கும்போது, அந்தக் கம்பெனியின் உருவங்களைக் கொண்டே ஆடவேண்டும் என்ற வழக்கம் தானாக உறைந்துவிடுகிறது. அளவும் அந்தச் சுவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தது. 1970-களில் பிரிட்டனின் போர் விளையாட்டு உருவங்கள் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் எனப்பட்டன. ஆண்டுக்கு ஆண்டு சிற்பிகள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து 28-க்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் மாயக்கதை உருவங்களுக்குத் தலையும் கையும் ஆயுதமும் பருத்தன. தள்ளி நின்று பார்க்கும் ஆட்டக்காரருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. வரலாற்று உருவங்கள் மனித உடலின் விகிதத்தை விடாமல் மெலிந்தே நின்றன. போதாததற்கு, உயரத்தை அளப்பதிலும் ஒற்றுமை இல்லை. ஒருவர் பாதத்திலிருந்து கண்வரை அளப்பார். இன்னொருவர் உச்சந்தலைவரை அளப்பார். இரண்டு பெட்டிகளிலும் 28 என்றே அச்சிட்டிருக்கும். பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் அண்ணன், மற்றவர் தம்பி.

இந்தச் சுவர் தொடக்கத்திலிருந்தே இருந்ததாகத்தான் நானும் எண்ணியிருந்தேன். இந்தப் பொழுதுபோக்கின் பழைய வரலாற்றைப் படிக்கப் படிக்க அது பின்னால் எழுந்தது என்பது தெரியவந்தது. 1965-இல் பண்டைக்காலப் போர்முறைகளுக்கென்றே சொசைட்டி ஆஃப் ஏன்ஷன்ட்ஸ் என்ற சங்கத்தை நிறுவியவர் டோனி பாத். வரலாற்றுப் போர் விளையாட்டின் மூலவர்களில் ஒருவர் அவர். அவரே ஆண்டுக்கணக்கில் நடத்திய பெரும் படையெடுப்பு விளையாட்டு எந்த நாட்டில் நடந்தது? கோனன் கதைகளுக்காக ராபர்ட் ஈ. ஹோவர்ட் கற்பித்த ஹைபோரியாவில். அந்தக் கற்பனை நாடுகளின் படைகளாக அவர் நிறுத்தியவை பண்டைக்கால, இடைக்கால வரலாற்று வீரர்களின் தட்டையான ஈய உருவங்கள். நாடு கற்பனை, படை வரலாறு. அவர் அதில் முரண் காணவில்லை.

அமெரிக்காவிலும் கதை இதேதான். 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். நைட்டுகளும் வில்லாளர்களும் மோதும் விதிகளுக்குப் பின்னே, மந்திரவாதிக்கும் டிராகனுக்கும் உரிய விதிகள் ஒரு பிற்சேர்க்கையாக இருந்தன. மூன்றே ஆண்டில், 1974-இல், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்தது அந்தப் பிற்சேர்க்கையின் தோளில் ஏறித்தான். ஆனால் அப்போது டிராகன் உருவம் கடையில் கிடைக்காது. ஜெர்மனியின் எலாஸ்டோலின் வார்த்த 40 மில்லிமீட்டர் நைட்டுகளே அவர்களுடைய படை. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை மாற்றியமைத்து டிராகனாக்கினார். அதே எலாஸ்டோலினின் 70 மில்லிமீட்டர் வைக்கிங் வீரன் ஒருவனை அரக்கனாக நிறுத்தினார். வெவ்வேறு பெட்டி, வெவ்வேறு அளவு, வரலாறும் மாயமும் ஒரே மணல் மேசையில். இன்று உலகமெங்கும் ஆடப்படும் மாயக்கதை விளையாட்டுகளின் ஊற்றுக்கண் இந்தக் கலப்புதான்.

செய்தவர்களின் கையைப் பார்த்தாலும் சுவர் தெரிவதில்லை. ஆலன் பெரி, மைக்கேல் பெரி என்ற இரட்டைச் சகோதரர்கள் சிடடெலின் தொடக்க காலத்திலிருந்தே அந்த நிறுவனத்துக்காக ஓர்க்குகளையும் எல்ஃப்களையும் நைட்டுகளையும் செதுக்கியவர்கள். அதே கைகள்தாம் வரலாற்று உருவங்களையும் செதுக்கின. மைக்கேல் பழங்காலப் போர்களை மறுபடி நடித்துக் காட்டுபவர். 1996-இல் பிரான்சின் கிரெஸியில் அப்படியொரு நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தார். பிறகு இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு மறுபடியும் உச்சிக்கு வந்தார். அவர்கள் சொந்தமாகத் தொடங்கிய பெரி மினியேச்சர்ஸின் நைட்டையும் பழைய சிடடெல் நைட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒரே பட்டறையில் வேறு வேறு காலத்தில் பிறந்த பிள்ளைகளாகவே எனக்குத் தெரிகிறார்கள்.

அன்னத்தைத் தலையில் வைத்த நைட்டை மேசையிலிருந்து இறக்கச் சொன்னார்களே, அந்த அன்னத்துக்கு வரலாற்றில் இடம் உண்டா? தாராளமாக உண்டு. கேன்டர்பரி பேராலயத்தில் 1376-இல் இறந்த கருப்பு இளவரசர் எட்வர்டின் கல்லறை இருக்கிறது. அவருடைய தலைக்கவசம் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. அதன் உச்சியில் தோலால் செய்த சிங்கம் நிற்கிறது. வியன்னா அருங்காட்சியகத்திலுள்ள 14-ஆம் நூற்றாண்டு பிராங்க் தலைக்கவசத்தில் இரண்டு எருமைக் கொம்புகள் வளைந்து மேலேறுகின்றன. 1460-ஐ ஒட்டி ஆஞ்சூவின் ரெனே அரசர் எழுதுவித்த போட்டிப்போர் நூலின் ஓவியங்களில், தலைக்கவசங்களின் மேல் வராத உருவமே இல்லை எனலாம். இவை பெரும்பாலும் போட்டிப்போருக்கும் சடங்குக்கும் உரியவை, களத்துப் போருக்கு அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் இவற்றை அணிந்தவர்கள் ரத்தமும் சதையுமான நைட்டுகள். மாயக்கதைச் சிற்பிகள் இவற்றை வெறும் காற்றிலிருந்து பிடிக்கவில்லை.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். அந்த நைட்டுகளே மாயக்கதையை நடித்து வாழ்ந்தவர்கள். உல்ரிஷ் ஃபான் லிக்டென்ஸ்டைன் என்ற ஆஸ்திரிய நைட், 1240-இல் ஆர்தர் அரசனாக வேடமிட்டு ஊர் ஊராகப் போய் ஈட்டிப்போர் ஆடியதைத் தன் நூலில் விவரிக்கிறார். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், 1344-இல் வின்ட்சர் கோட்டையில் ஆர்தரின் வட்டமேசையை மறுபடி நிறுவப்போவதாகப் பெருவிழா எடுத்து அறிவித்தார். அதற்கென ஒரு பெரிய வட்டக் கட்டடத்தையே கட்டத் தொடங்கினார். கிரெஸியில் வென்ற அரசர் அவர். நம் காலத்துப் படைப் பட்டியல்களில் அவர் 'வரலாறு', ஆர்தர் 'மாயக்கதை'. எட்வர்டின் மனதில் அந்தக் கோடு எங்கே இருந்தது?

குதிரைக்கும் இது பொருந்தும். வரலாற்று உருவங்கள் செய்கிறவர்கள் மனிதனின் கவசத்தில் காட்டும் துல்லியத்தைக் குதிரையின் உயரத்தில் எப்போதும் காட்டுவதில்லை. இங்கிலாந்தில் 300 முதல் 1650 வரையான காலத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 2,000 குதிரை எலும்புகளை ஆராய்ந்த எக்ஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும் அதன் கூட்டாளிகளும் 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இடைக்காலக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை தோளளவில் 147 சென்டிமீட்டருக்கும் குறைவானவை. இன்றைய கணக்கில் மட்டக் குதிரைகள். கவச வீரனைச் சுமக்கும் மலைபோன்ற போர்க்குதிரை பெரும்பாலும் சினிமாவும் நாவலும் நமக்குக் கொடுத்தது. ஆகவே, ஒரு வரலாற்றுக் கம்பெனியின் நெடிய குதிரையை ஏற்றுக்கொண்டு, மாயக்கதைக் கம்பெனியின் உச்சிச் சின்னத்தை மட்டும் தள்ளிவைப்பது நீதியாகாது. இரண்டு பெட்டியிலும் கற்பனை இருக்கிறது. இரண்டிலும் ஆராய்ச்சியும் இருக்கிறது.

சுவர் இடியத் தொடங்கியது 2010-ஐ ஒட்டித்தான். ஈய உருவத்தை ஒவ்வொன்றாக வாங்கிய காலம் போய், சிறிய வரலாற்றுக் கம்பெனிகளும் பிளாஸ்டிக்கில் வார்க்கத் தொடங்கின. பெரி சகோதரர்கள் ரோஜாப் போர்க் காலத்துக் காலாட்களையும் கவசக் குதிரை வீரர்களையும் வெளியிட்டார்கள். ஃபயர்ஃபோர்ஜின் டியூட்டானிக், டெம்ப்ளர் நைட்டுகள் வந்தார்கள். ஒரே சட்டத்தில் உடல்களும் பல தலைகளும் கைகளும் தனித்தனியாக ஒட்டியிருக்கும். மிஞ்சியது எல்லாம் உதிரிப்பெட்டிக்குப் போகும். கலப்பின் களஞ்சியம் அந்த உதிரிப்பெட்டிதான். ஒரு நிறுவனத்தின் தலை இன்னொரு நிறுவனத்தின் கழுத்தில் பொருந்துமா என்று பார்க்கும் ஆசை, அதைத் திறக்கிற யாருக்கும் வரும்.

விதிநூல்களும் மாறின. டேனியல் மெர்ஸி எழுதி 2014-இல் வந்த லயன் ரேம்பன்ட் இடைக்காலப் போருக்கானது; மறு ஆண்டே அதே அடித்தளத்தில் டிராகன் ரேம்பன்ட் மாயக்கதைக்கு வந்தது. எந்த வகைக் குதிரைப்படை என்பதை மட்டும் இவை சொல்லும். யார் வார்த்த உருவம் என்று கேட்பதில்லை. அதே 2015-இல் வார்ஹேமர் தன் பழைய உலகத்தைக் கதையில் அழித்துவிட்டு வேறொரு விளையாட்டாக மாறியது. பிரெட்டோனியப் படை வைத்திருந்த பலர் அந்தப் படையை விட மனமில்லாமல் இத்தகைய திறந்த விதிகளுக்கு வந்தார்கள். வரலாற்றுக்கென எழுந்த சாகா விளையாட்டும் மாயக்கதைக்கென ஒரு நூலைச் சேர்த்துக்கொண்டது. 2024 ஜனவரியில் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் பழைய வார்ஹேமர் உலகம் திரும்பிவந்தபோது, முதலில் வந்த இரண்டு படைகளில் ஒன்று பிரெட்டோனியா. இப்போது குதிரைவீரரின் அடித்தட்டு 25-க்கு 50 மில்லிமீட்டரிலிருந்து 30-க்கு 60 ஆகிவிட்டது. அந்தக் கூடுதல் இடம் பழைய படைக்காரருக்கு வேலை வைத்தாலும், பருத்த குதிரைக்கும் மெலிந்த குதிரைக்கும் ஒரே வரிசையில் மூச்சுவிட இடம் கொடுத்தது.

கலப்பது எப்படி என்று கேட்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது: நைட்டுகளிலிருந்து தொடங்குங்கள். காலாட்களைக் கலப்பது கடினம். திறந்த முகம், வெறுங்கை, வெறுங்கால் என்று விகித வேறுபாடெல்லாம் வெளியே தெரியும். நைட்டுக்கு முகத்தைத் தலைக்கவசம் மூடுகிறது. காலைத் தகடு மூடுகிறது. குதிரையின் உடம்பைப் போர்வைத் துணி மூடுகிறது. பெரிய தலையும் சிறிய தலையும் இரும்புக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரிவது கவசத்தின் வடிவம் மட்டும். எஞ்சி நிற்பது கை.

அந்தக் கையைத்தான் என் மகள் முதலில் கண்டுபிடித்தாள். போன குளிர்காலத்தில் அடிப்பூச்சாகச் சாம்பல் நிறம் அடித்துக் காயவைத்திருந்த வரிசையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இவருக்கு மட்டும் கை ஏன் பெரிசு?"

"இவரைச் செய்தவர் தூரத்தில நிண்டு பாக்கிறவைக்காகச் செய்தவர். மற்றவரைச் செய்தவர் கையில எடுத்துப் பாக்கிறவைக்காகச் செய்தவர்."

"அப்ப ரெண்டு பேரும் பக்கத்தில நிக்கேலாதோ?"

"நிக்கலாம். ஈட்டியை மாத்துவம்."

ஈட்டிதான் சாவி. பிரெட்டோனியரின் ஈட்டி தடித்தது. பெரியின் ஈட்டி மெலிந்தது. இரண்டையும் வெட்டியெடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே கனத்தில் மெல்லிய பித்தளைக் கம்பி பொருத்தினோம். பெருங்கை அதைப் பிடித்திருக்கும் இடத்தில் பச்சைப் புட்டி உருட்டி ஒரு வட்டக் கைக்காப்பு வைத்தோம். மஞ்சளும் நீலமுமான இரண்டு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகும் எப்பாக்ஸி அது. பிசைந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் கைக்கு வசப்படும். ஈட்டிக்குக் கைக்காப்பு வைப்பது எங்கள் கற்பனை அல்ல; 14-ஆம் நூற்றாண்டு ஈட்டிகளில் அது வந்துவிட்டது. விகித வேறுபாட்டை வரலாறே மறைத்துக் கொடுத்தது. பன்னிரண்டு ஈட்டிகளும் ஒரே கனத்தில் ஒரே சாய்வில் நின்றதும், கைகளை யாரும் பார்ப்பதில்லை. கண் முதலில் ஈட்டிகளின் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது உயரம். மெலிந்த குதிரைகளின் குளம்புக்கடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து மணலால் மூடினால் ஒரு மில்லிமீட்டர் ஏறிவிடும். குதிரையின் நெற்றியும் வீரனின் தோளும் பக்கத்தில் நிற்பவரோடு ஒத்துப்போனால் போதும்; மற்றதைக் கண்ணே சரிசெய்துகொள்ளும். மிகப் பெரிய உருவத்தை வரிசையின் நடுவில் புதைக்காமல் முன்னே தலைவனாகவோ கொடியாளாகவோ நிறுத்துங்கள். தலைவன் ஒரு பிடி உயர்ந்து நிற்பதை எந்தக் காலத்து ஓவியரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக நிறம். நான்கு கம்பெனிகளை ஒரே படையாக்குவது தூரிகைதான். அதிலும் ஐரோப்பியக் குலச்சின்ன மரபு ஒரு நல்ல விதியை நமக்குக் கொடுத்திருக்கிறது. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியவை நிறம். உலோகத்தின்மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின்மேல் நிறம் வரக்கூடாது. தூரத்திலிருந்து கேடயத்தை அடையாளம் காண உதவும் விதி அது. என் படையில் டியூட்டானிக் நைட்டின் கேடயமும் பிரெட்டோனியனின் குதிரைப் போர்வையும் ஈயக் கொடியாளின் கொடியும் நீலத்தின்மேல் பொன்னும், சிவப்பின்மேல் வெள்ளியுமாகவே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் சின்னம் வேறு, இலக்கணம் ஒன்று. அந்த இலக்கணம் இல்லாமல் கைக்கு வந்த நிறத்தைப் பூசினால் ஒரே கம்பெனியின் ஒரே பெட்டியில் வந்த வீரர்கள்கூடச் சந்தைக் கூட்டமாகத் தெரிவார்கள்.

முன்பு இருந்ததில் எது குறைந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கழகத்து மூத்தவர் என் அன்னத்தை ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு 1346-க்கும் 1415-க்கும் இடையே தோள் தகடு எப்படி மாறியது என்பது தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் மேசைக்கு மேசை இருந்தார்கள். இன்றோ வீட்டிலேயே ரெசின் அச்சு இயந்திரத்தில் எந்த உருவத்தையும் எந்த அளவிலும் அச்சிடலாம். கணினியில் சதவீதத்தை மாற்றினால் அண்ணனும் தம்பியும் ஒரே உயரமாகிவிடுவார்கள். அளவின் சுவர் முற்றாக விழுந்துவிட்டது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்ட முடியும்போது, எதை எதோடு ஒட்டுவது என்று தேர்கிற கண் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. 13-ஆம் நூற்றாண்டு வாளித் தலைக்கவசத்தை 15-ஆம் நூற்றாண்டுத் தகட்டுடம்பில் வைப்பது தவறல்ல. பாட்டன் அணிந்ததைப் பேரன் அணிந்து வருகிறான் என்ற கதை அதில் இருக்கலாம். அது இருநூறு ஆண்டு இடைவெளி என்று தெரிந்து வைக்கும்போதுதான் அந்தக் கதை பிறக்கிறது. தெரியாமல் வைத்தால் அது வெறும் உதிரிபாகம்.

அதனால்தான் கலப்பதை எதிர்ப்பவர்களோடும், கலப்பதற்கு எதுவும் படிக்கத் தேவையில்லை என்பவர்களோடும் எனக்கு ஒரே வாதம். மாயப்படை கட்டுகிறவர் ஒருமுறையாவது அருங்காட்சியகத்துக்குப் போய் உண்மையான கவசத்தின் ஓரத்தையும் ஆணியையும் தோல்வாரையும் பார்க்கட்டும். எந்தச் சிற்பியின் கற்பனையும் அங்கிருந்துதான் கிளம்பியது. வரலாற்றுப் படை கட்டுகிறவர் ஆர்தர் கதைகளைப் படிக்கட்டும். அந்த இரும்புக்குள் இருந்தவர்கள் இரவில் கேட்டு வளர்ந்தவை அவைதாம். இரண்டையும் செய்தவர் எத்தனை கம்பெனிகளின் பெட்டிகளை வேண்டுமானாலும் திறந்து கொட்டலாம். அவர் நிறுத்துகிற படை ஒன்றாகவே நிற்கும்.